மூணடித் தொட்டியில் தணிகாசலம்

அன்றைக்குக் காலையில் அப்பா இருமிய இருமலில் கண்ணாடிக் கிண்ணமே லேசாக ஆடியது. தண்ணீர் பால் ஊற்றாத டீயின் நிறத்தில் இருந்தது. மீன் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே, கூழாங்கல்லின் மேல், முட்டியைக் கட்டிக்கொண்டு, ஜெகனின் நடுவிரல் உயரம்கூட இல்லாத தணிகாசலம், காக்கிச் சட்டையும் கட்டம் போட்ட லுங்கியுமாக, கண்ணெல்லாம் சிவந்து, இருமிவிட்டு நிமிர்ந்து, நிமிர்ந்துவிட்டு மறுபடி இருமினார்.

“பாத்துக்கினே நிக்கிறியேடா,” என்றாள் அம்மா கோகிலா. எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கிளம்பி, ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலில் நின்றாள். “அந்தாளுக்கு மூச்சு முட்டுது. உன் மீனுங்க கழியறதயெல்லாம் அவுருதான் முழுங்கறாரு. பெருசா ஒரு தொட்டி வாங்கி வச்சாதான் இன்னா?”

“பாக்கறேன்.”

“உசுரோட இருந்தப்பவும் அவுருக்கு இதயேதான் சொன்ன,” என்றுவிட்டு இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு போனாள்.

தணிகாசலம் செத்துப்போனவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தண்ணி லாரி ஓட்டினவர். நீரேற்று நிலையத்தில் லாரியை நிறுத்தி, குழாயை மேலே மாட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. லாரி நிரம்பி, வழிந்து, வழிந்த தண்ணீர் ரோட்டுக்கு வந்து, எவண்டா அவன் குழாய மூடாம தூங்கறவன் என்று பின்லாரிக்காரர்கள் திட்டிக்கொண்டே வந்து கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. எரித்தார்கள். சாம்பலைக் காசிமேட்டுக் கடலில் கரைத்தார்கள். காரியம் முடிந்து பந்தல் பிரித்து வாடகை நாற்காலியெல்லாம் திரும்பப் போன மறுநாள், மீனுக்குத் தீனி போடப் போன ஜெகன் அவரைக் கிண்ணத்துக்குள் பார்த்தான். அவ்வளவுதான். ஏன், எப்படி என்று கேட்கிறவர்கள் ஏழாவது குறுக்குத் தெருவில் யாரும் இல்லை. லாரி எப்ப வரும் என்று கேட்பதற்கே அவர்களுக்கு நாள் போதவில்லை.

கோகிலா வந்து பார்த்தாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், “அப்பளம் போட்டா சாப்டுவாரா?” என்று கேட்டாள். பக்கத்து வீட்டு நாகம்மா வந்து பார்த்துவிட்டு, “இளைச்சிட்டாரு,” என்றாள். அதற்குப் பிறகு தெரு ஒவ்வொருத்தராக வந்து பார்த்தது. குடத்தோடு வந்தவர்கள் குடத்தை வாசலில் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தார்கள், லாரிக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார்கள், போன வருசம் க்யூவில் அவரோடு சண்டை போட்டு அவர் சட்டைக் காலரைப் பிடித்த பிரிட்டோ வந்து கிண்ணத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் எதையோ முணுமுணுத்துவிட்டுப் போனான். அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, ஆளை உள்ளே வைத்துக்கொண்டு எள்ளும் தண்ணியும் எப்படி இறைப்பது, அவர் மேலேயே அல்லவா விழும் என்று சொல்லி ஐயர் வரவே இல்லை. ரேஷன் கடையில் மட்டும் அவர் பங்கை இனியும் கொடுப்பதா என்று ஒரு வாரம் யோசித்தார்கள். கடைசியில், தண்ணிக்குள் இருக்கிறவருக்குச் சர்க்கரை கரைந்துவிடும், அதனால் கிடையாது என்று முடிவு சொன்னார்கள். கோகிலாவும் அது நியாயம்தான் என்றாள். குளிக்கப் போகும்போது மட்டும் கிண்ணத்தின் மேல் துண்டு போட்டாள். செத்தவருக்கு முன்னால் என்ன வெட்கம் என்று நாகம்மா சிரித்ததற்கு, “செத்தவருன்னு இல்லக்கா, இத்தினிக்கூண்டு ஆளா கீறாரு, கொழந்த மாதிரி, அதான் ஒரு மாதிரியா கீது,” என்றாள்.

எல்லோரும் வந்து பேசினார்கள். தணிகாசலம் எல்லோருக்கும் தலையாட்டினார். ஜெகன் வந்து உட்கார்ந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதில் புதுசு ஒன்றும் இல்லை. பதினொன்றாவதோடு ஜெகன் பள்ளிக்கூடத்தை விட்டான். ஏன் விட்டான் என்றால் பிடிக்கவில்லை, விட்டான். பெரிய காரணம் எதுவும் இல்லை, இருந்திருந்தால் சொல்லியிருப்பான். விட்ட வாரமே இரண்டு கோல்டு ஃபிஷ்ஷைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்று சிவப்பு, ஒன்று தலையில் மட்டும் சிவப்பு வைத்த வெள்ளை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் தணிகாசலம், “படிக்கச் சொன்னா மீனு வளக்கறான்,” என்று கோகிலாவிடம் சொன்னார். ஜெகன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து எல்லாமே கோகிலா வழியாகத்தான். அவன சாப்ட சொல்லு. அவன் காலு பட்டுக்கினே இருக்குது, தள்ளிப் படுக்கச் சொல்லு. அவன் தலமுடிய வெட்டச் சொல்லு. கோகிலாவும் சளைக்காமல், “உங்கப்பா சாப்ட சொல்றாரு,” என்று இரண்டு முழத் தூரத்துக்கு அஞ்சல் சேவை செய்துகொண்டிருந்தாள். இன்றைக்குப் பேசிவிடுவார், நாளைக்குப் பேசிவிடுவார் என்று ஜெகனும் இருந்தான். அவனாகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அதற்குள் லாரி நிரம்பி வழிந்துவிட்டது.

அதனால் அவர் கிண்ணத்துக்குள் திரும்பி வந்ததும் ஜெகன் நினைத்தது ஒன்றுதான்: என்னிடம் பேசத்தான் வந்திருக்கிறார், தண்ணி அழுக்காக இருப்பதால் வாய் திறக்க முடியவில்லை. வேறு எதற்கு ஒருத்தர் செத்த பிறகு மகனுடைய மீன் கிண்ணத்துக்கு வந்து உட்காருவார், அதுவும் மீனைக் கண்டாலே ஆகாதவர்? நல்ல தொட்டி, நல்ல ஃபில்டர், நல்ல தண்ணீர் கொடுத்தால் பேசுவார். இந்தக் கணக்கில் தப்பு இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

கொளத்தூரில் மீன் கடைகள் வரிசையாக இருக்கும். எல்லாக் கடையிலும் ஒரே மோட்டார் சத்தம், ஒரே பாசி வாசனை. ஜெகன் எப்போதும் தீனி வாங்குகிற சூசை அண்ணன் கடையில், சூசை பைகளில் கப்பி மீனைப் போட்டுக் காற்றடைத்து ரப்பர் பேண்டு சுற்றிக்கொண்டிருந்தார்.

“பெரிய தொட்டி வேணும்ணா. ஃபில்டரோட.”

“இன்னா மீனு?”

“கோல்டு ஃபிஷ் ரெண்டு.”

“வேற?”

“ஒரு அப்பா.”

சூசை ரப்பர் பேண்டு சுற்றுவதை நிறுத்தவில்லை. “இன்னா சைஸு?”

ஜெகன் நடுவிரலைக் காட்டினான். பிறகு அது மரியாதையாக இல்லை என்று தோன்றி மடக்கிக்கொண்டான்.

“வளருவாரா?”

“தெரில. செத்துட்டாரு.”

“அப்ப வளர மாட்டாரு. ஆனா கோல்டு ஃபிஷ் வளரும். சின்ன கிண்ணத்துல வச்சா வளராது, அப்டியே அழகா இருக்கும்னு எவனாவது சொல்லியிருப்பான். வளராம இல்லடா, சாவுது. மெதுவா சாவுது, அதனால நம்ம கண்ணுக்குத் தெரியல.” பையை ஆணியில் மாட்டிவிட்டு எழுந்தார். “மூணடி எடுத்துக்க. ரெண்டடி போதும்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பான், அப்புறம் இங்கதான் வந்து நிப்பான். அடியில தெர்மோகோல் போடு, இல்லன்னா தரை சமமா இல்லாத எடத்துல கண்ணாடி விட்டுக்கும்.”

ஃபில்டர் வைத்திருந்த அலமாரிக்குக் கூட்டிப்போனார். “இது வெறும் ஸ்பாஞ்சு. ஒத்த ஃபைட்டர் மீனுக்கு ஓகே. இது உள்ள ஒட்டற டைப்பு, உன் மீனுங்களுக்கு ஒரு வாரம் தாங்காது. கோல்டு ஃபிஷ்ஷுக்கு வயிறுன்னு ஒண்ணே கிடையாதுப்பா, வாயில போறது அப்டியே பின்னால வந்துனே இருக்கும். அதனால டப்பாவுல எத்தினி லிட்டருன்னு போட்டிருக்கானோ அத நம்பாத, அதுக்கு ரெண்டு மடங்கு போடணும். அப்பாவையும் சேத்தா மூணு மடங்கு.”

“அவுரு ஒண்ணும் சாப்டறதில்லண்ணா.”

“சாப்டலன்னா? மனுசன் இல்ல? எதையாவது நெனச்சிக்கினே இருப்பாரு. அதுவும் தண்ணியிலதான கரையும்.”

கடைசியில் டாப் ஃபில்டர் என்று முடிவானது. தொட்டிக்கு மேல் ஒரு பெட்டி. மோட்டார் அடித் தண்ணீரை இழுத்து மேலே ஏற்றும். அந்தத் தண்ணீர் பஞ்சு, அதற்குக் கீழே கம்பளி, அதற்குக் கீழே சுண்ணாம்புக் குச்சி மாதிரி இருக்கும் ஓட்டை வளையங்கள் எல்லாவற்றிலும் புகுந்து சுத்தமாகித் திரும்பத் தொட்டியில் விழும். “பஞ்ச பைப் தண்ணியில கழுவிடாத,” என்றார் சூசை. “தொட்டித் தண்ணியிலயே அலசு. அதுல நல்ல கிருமி குடும்பம் நடத்தும், குளோரின் தண்ணி பட்டா மொத்தமும் போயிரும். வாரா வாரம் மூணுல ஒரு பங்கு தண்ணிய மொண்டுட்டு புதுசு ஊத்து. அவ்ளோதான். அப்பா பேரு இன்னா?”

“தணிகாசலம்.”

“நல்லா கேட்டதா சொல்லு.”

லாரிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்கள். தொட்டி வந்து இறங்கிய அன்றைக்குத் தெருவுக்குத் தண்ணீர் வந்து வெகு நாளாகியிருந்தது. தணிகாசலத்திடம் கிளீனராக இருந்து இப்போது அதே லாரியை ஓட்டுகிற ஏழுமலை ஹாரன் அடித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தபோது, குடங்கள் பச்சையும் சிவப்பும் நீலமுமாகத் தெருக்கோடி வரைக்கும் நின்றன; முதல் தண்ணி அண்ணனுக்கு என்று ஏழுமலை சொல்லி ஓஸ் பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனபோது, அந்தத் தெருவில், ஒரு குடம் தள்ளி வைத்ததற்காக மண்டை உடைந்திருக்கிற அந்தத் தெருவில், ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. தொட்டி நிரம்பி, குளோரினை முறிக்கிற மருந்து போட்டு, மறுநாள்வரை காத்திருந்து, மோட்டாரை ஓடவிட்டார்கள். மீனை வலையில் பிடித்து விட்டான் ஜெகன். அப்பாவை வலையில் பிடிப்பது சரியில்லை என்று எல்லோருமே சொன்னதால், கோகிலா எவர்சில்வர் டம்ளரைக் கிண்ணத்துக்குள் சாய்த்து, “வாங்க, ஏறுங்க,” என்றாள். அவர் பஸ் ஏறுவது மாதிரி விளிம்பைப் பிடித்து ஏறிக்கொண்டார்.

தெளிந்த தண்ணீரில் இறங்கியதும் தணிகாசலம் எழுந்து நின்றார். கிண்ணத்தில் நிற்க இடமிருந்ததில்லை. கையை நீட்டினார், முதுகை வளைத்துச் சொடக்கு எடுத்தார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார், திரும்பி வந்தார். இருமல் நின்றுவிட்டது. கோகிலா அன்றைக்குத் தொட்டிக்கு எதிரில் பாயைப் போட்டுத் தூங்கினாள். வெள்ளை மீன் அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனது. அவர் முதலில் அதைக் கையால் விரட்டினார், பிறகு விட்டுவிட்டார், பிறகு ஒருநாள் லாரியின் பானெட்டில் கை வைத்து நிற்பது மாதிரி அதன் முதுகில் கை வைத்து நின்றுகொண்டிருந்ததை ஜெகன் பார்த்தான்.

ஜெகன் தினமும் எதிரில் உட்கார்ந்தான். தண்ணி நல்லாருக்கா என்று கேட்டான். மோட்டார் வேகம் ஜாஸ்தியா இருக்கா என்று கேட்டான். தொட்டி மூணடி என்பதால் இப்போது அவர் முகத்தைத் திருப்புவதற்குப் பதிலாக எழுந்து அந்தக் கோடிக்கே போய்விட்டார். நல்ல தொட்டி வாங்கிக் கொடுத்ததில் நடந்தது அதுதான்.

வாரா வாரம் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினான். மூன்றில் ஒரு பங்கை மொண்டான். சூசை சொன்னது எதையும் விடவில்லை. வாழ்க்கையில் அடுத்தவர் சொன்னபடி அவன் செய்த ஒரே காரியம் இதுதான். மொண்ட தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டும் என்று சூசை சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. கொளத்தூரில் தண்ணீர் இருக்கிறது. ஏழாவது குறுக்குத் தெருவில் தண்ணீரைக் கீழே ஊற்றுவது சோற்றைக் கீழே கொட்டுவது மாதிரி. அரிசி கழுவின தண்ணீர் பாத்திரத்துக்கு, பாத்திரம் கழுவின தண்ணீர் கக்கூசுக்கு என்று ஒரே தண்ணீருக்கு மூணு பிறவி அங்கே. அதனால் ஜெகன் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் ஆளாளுக்கு வந்தார்கள். நாகம்மா முருங்கை மரத்துக்கு வாங்கிப் போனாள். பிரிட்டோ வீட்டில் தரை துடைத்தார்கள். ஏழுமலை லாரிக் கண்ணாடியைக் கழுவினான். மிச்சம் கக்கூசுக்கு.

முதலில் லுங்கியின் கட்டங்கள் போயின. வெளிச்சம் அப்படி விழுகிறது என்று கோகிலா சொன்னாள். பிறகு காக்கி வெளுத்தது. மீசை ஒரு கோடாகி, ஒரு நிழலாகி, இல்லாமல் போனது. ஒருநாள் சிவப்பு மீன் அவருக்குப் பின்னால் நீந்தியபோது ஜெகனுக்கு அவர் வயிற்றின் வழியாக அதன் வால் தெரிந்தது. அதே வாரம் நாகம்மா, முருங்கைக்கீரை அடை சுட்டேன், என்னமோ டீசல் வாசன வருது, என்றாள். ஏழுமலை இரண்டு தின்றுவிட்டு மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான், “இது அண்ணன் வேர்வ வாசனக்கா, பத்து வருசம் பக்கத்துல உக்காந்தவன், எனக்குத் தெரியாதா,” என்றான். பிரிட்டோவின் ஒன்றரை வயசுப் பையன், இன்னும் அம்மா என்றே சொல்லத் தெரியாதவன், துடைத்த தரையில் உட்கார்ந்துகொண்டு இல்லாத ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான், திருப்பும்போது பின்னால் தலையைத் திருப்பிப் பார்த்தான், ரிவர்ஸ் எடுப்பவன் மாதிரி.

யாரும் கத்தவில்லை. தெருவே கூடித் தத்தம் வீட்டில் எங்கெங்கே ஊற்றினோம் என்று யோசித்தது. நாகம்மா மரத்தில் கீரை முழுக்க உருவிக் கொண்டுவந்து முறத்தோடு வைத்தாள். பிரிட்டோ துடைப்புத் துணியைப் பிழிந்து ஒரு சொம்பில் கொண்டுவந்தான். அதையெல்லாம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கக்கூசைப் பற்றி யாரும் பேசவில்லை, எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கோகிலா அந்தச் சொம்பை வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

ஜெகன் கொளத்தூருக்கு ஓடினான்.

“ஃபில்டர் நல்லா வேல செய்யுது,” என்றார் சூசை, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. “குத்தம் அதும்மேல இல்ல. அதுக்கு எது கழிச்சலு, எது உங்கப்பான்னு தெரியாது. தண்ணியில தண்ணி தவிர இன்னா கீதோ அத்த எடுக்கும்.”

“சின்ன ஃபில்டரா மாத்துனா?”

“மெதுவா போவாரு.”

“நிறுத்திட்டா?”

“போவ மாட்டாரு. திரும்ப ஊறிக்கினு நல்லா கெட்டியாக்கூட ஆவாரு. ஆனா மீனு செத்துரும். இப்ப ரெண்டும் பெருசாயிருச்சு, ரொம்ப நேரம் தாங்காது. அவுரும் பழைய மாதிரிதான், இருமிக்கினு.” ஒரு பைக்கு ரப்பர் பேண்டு சுற்றிவிட்டு, “மீனு ஒண்ணும் பெரிய விசயம் இல்ல, எங்கிட்ட ஆயிரம் கீது,” என்றார். ஆனால் சொல்லும்போது ஜெகனைப் பார்க்கவில்லை.

மோட்டாரை நிறுத்த வீட்டில் கோகிலா ஒப்புக்கொள்ளவில்லை. “இருமாம போனா போதும்டா. நிம்மதியா நடந்துக்கினு கீறாரு. விடேன்.”

“ஒரு வார்த்த எங்கிட்ட பேசலம்மா.”

“தண்ணிக்குள்ள இருக்கறவரு யாருகிட்ட பேசினாரு? எங்கிட்ட மட்டும் பேசினாரா?”

“உங்கிட்ட முன்னயே பேசினாரு. தெனமும் பேசினாரு.”

அதன் பிறகு அவள் கம்பெனிக்குப் போனதும் ஜெகன் மோட்டாரை அணைப்பதும், அவள் வந்ததும் முதல் வேலையாகப் போடுவதும் என்று ஆனது. தணிகாசலம் பகலில் கொஞ்சம் வந்தார், ராத்திரியில் கொஞ்சம் போனார். அப்படியே ஒரு மாதம் ஓடியது. பிறகு பொன்னேரியில் கோகிலாவின் சித்தப்பா செத்துப்போனார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு, “மோட்டார் மேல கை வச்ச, தெரியும் சேதி,” என்று சொல்லிவிட்டுப் போனாள். பஸ்கூட ஏறியிருக்க மாட்டாள், அதற்குள் ஜெகன் அணைத்துவிட்டான்.

தண்ணீர் விழுகிற சத்தம் நின்றதும் வீடு காது அடைத்துக்கொண்ட மாதிரி ஆனது. அன்றைக்கு முழுக்க அவன் தொட்டிக்கு எதிரிலேயே இருந்தான். தீனியை வழக்கத்தைவிட நிறையப் போட்டான். இதையும் மறைக்க வேண்டியதில்லை, தண்ணீர் சீக்கிரம் கெட வேண்டும் என்றுதான் போட்டான். மீன்கள் தின்றன, கழிந்தன, தின்றன. மறுநாள் தண்ணீரில் முதலில் ஒரு மூட்டம் வந்தது, பிறகு மஞ்சள் வந்தது, மஞ்சள் பழுத்து டீ ஆனது, அந்த டீக்குள் தணிகாசலம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறினார்: லுங்கியில் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, சட்டைக்குக் காக்கி வந்தது, மேல் பட்டனுக்குக் கீழே எப்போதும் இருக்கும் கிரீஸ் கறைகூட வந்தது, மீசை நிழலாகி, கோடாகி, மீசையாகி, அதில் இருந்த நரைகூட எண்ணிவிடலாம் போல வந்தது. இருமலும் வந்தது. ஜெகனுக்கு அந்த இருமலைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்படி ஒரு சந்தோஷம் வரக் கூடாது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை.

தெருவில் யாரோ லாரி வருது என்றார்கள். குடங்கள் உருண்டன. ஜன்னலில் மத்தியான வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தபோது, வெள்ளை மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செவுள் வேகமாக அடித்தது, பிறகு மெதுவாக அடித்தது. சிவப்பு மீன் மேலே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வெள்ளைக்கு மேலே வரவே தெம்பில்லை, கூழாங்கல்லில் பட்டுப் பட்டு உருண்டது.

தணிகாசலம் இருமிக்கொண்டே எழுந்தார். உருண்டுகொண்டிருந்த மீனிடம் போனார். ரோட்டில் நின்றுபோன வண்டிக்குத் தோள் கொடுப்பவர் மாதிரி அதன் வயிற்றுக்குக் கீழே தோளைக் கொடுத்து, காலை உதைத்து, தன்னைவிடப் பெரிய அந்த மீனைத் தள்ளித் தள்ளி மேலே கொண்டுவந்தார். பாதி வழியில் இருமல் வந்து இரண்டு பேரும் கீழே போனார்கள். மறுபடி தள்ளினார். மீனின் வாய் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் கடித்தது; அதை விடாமல் தாங்கிப் பிடித்தபடியே, மோட்டார் குழாயை ஒரு கையால் பற்றிக்கொண்டு, தணிகாசலமும் தலையை வெளியே நீட்டினார். நேராக ஜெகனைப் பார்த்தார்.

“மோட்டாரப் போடுடா,” என்றார்.

சின்னக் குரல் இல்லை. அவருடைய குரல்தான், நிரம்புகிற லாரிச் சத்தத்துக்கு மேல் தெருக்கோடிக்குக் கேட்கிற அதே குரல். கோகிலாவிடம் சொல்லவில்லை. அவன போடச் சொல்லு என்று சொல்லவில்லை. போடுடா என்றார்.

ஜெகனின் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. மீன் அவர் தோளிலிருந்து வழுக்கியது. அவர் அதோடு சேர்ந்து கீழே போனார், குழாயைப் பிடித்து இழுத்து இழுத்து அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே வந்தார், முகமெல்லாம் இருமலில் கறுத்திருந்தது.

“காது கேக்கல? மோட்டாரப் போடு.”

கேட்டது. நன்றாகக் கேட்டது. ஜெகன் சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லட்டும் என்று நின்றான். போடவில்லை.